யாரோ பாடியதும் யாரோ வாசித்ததும் ஒரே பாட்டாவது எப்படி?

கேள்வி இதுதான்: ஒருவர் டிரம்ஸ் சொல்லித்தரும் வீடியோ, எங்கோ ஒரு பெண் பக்கவாத்தியம் இல்லாமல் பாடிய வீடியோ, ஒரு சிறுவன் டிரம்பெட் பழகும் வீடியோ. இவற்றை வெட்டி ஒட்டி முழுப் பாட்டாக்கி விடுகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் ஒரே அறையில் சேர்ந்து வாசித்ததுபோல் அது கேட்பது எப்படி? சுருதியும் வேகமும் பொருந்தினால் போதுமா? இதைச் செய்கிறவரை இசையமைப்பாளர் என்று சொல்லலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்லலாம், தயங்காமல் சொல்லலாம். சுருதியும் வேகமும் பொருந்தினால் இரண்டு பதிவுகளும் முட்டிக்கொள்ளாது, அவ்வளவுதான். அதனால் மட்டும் பாட்டு பிறந்துவிடாது. எந்தப் பதிவைக் கீழே வைக்கிறோம், எதை அதன்மேல் நிற்க வைக்கிறோம் என்ற முடிவில்தான் பாட்டு பிறக்கிறது. கீழே இருப்பது மாறினால் மேலே பாடுகிறவர் பாடிய அதே ஸ்வரங்களுக்கு வேறு பொருள் வந்துவிடும். அந்தப் பொருளைக் கொடுப்பவர் மாஷ்அப் செய்கிறவர், அதாவது வெவ்வேறு பதிவுகளை வெட்டி ஒட்டிப் புதுப் பாட்டாக்குகிறவர். அவர் செய்வது இசையமைப்பு வேலைதான்.

இதற்கு நல்ல உதாரணம் குட்டிமான் என்ற பெயரில் இயங்கும் இஸ்ரேலிய இசைக்கலைஞர் ஓஃபிர் குட்டியேல். 2009 மார்ச்சில் 'த்ரூ யூ' என்று ஏழு பாடல்களை வெளியிட்டார். எல்லாமே யூடியூபில் மற்றவர்கள் ஏற்றியிருந்த வீடியோக்களிலிருந்து எடுத்த துண்டுகள். பாடம் நடத்துகிறவர்கள், வீட்டில் பழகுகிறவர்கள், கேமரா முன்னால் கூச்சத்தோடு பாடுகிறவர்கள். பெர்னார்ட் பர்டி போன்ற பெரிய டிரம்ஸ் கலைஞரின் பாட வீடியோவும் அதில் உண்டு, பெயர் தெரியாத மாணவர்களும் உண்டு. யாருக்கும் தாங்கள் ஒரு பாட்டில் வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தெந்த வீடியோவிலிருந்து எடுத்தார் என்ற பட்டியலையும் அவர் கூடவே கொடுத்தார்.

இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, 2008-இல் புகழ்பெற்ற 'பிளேயிங் ஃபார் சேஞ்ச்' வீடியோ. அதிலும் பல நாட்டுத் தெருக்கலைஞர்கள் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். ஆனால் அவர்கள் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, முன்னால் பாடியவரைக் கேட்டுக்கொண்டே பாடினார்கள். 2010-இல் எரிக் விட்டேக்கர் 12 நாடுகளின் 185 குரல்களைச் சேர்த்து நடத்திய மெய்நிகர் சேர்ந்திசையும் அப்படித்தான்: எல்லோருக்கும் ஒரே நொட்டேஷன், ஒரே கை அசைவு. அவை அழகானவை, ஆனால் அங்கே பாட்டு முன்கூட்டியே இருந்தது. குட்டிமானுக்கு முன்கூட்டி எதுவும் இல்லை. துண்டுகளைக் கேட்டுக்கேட்டு, இது எதற்கு அடித்தளமாகும், அதன்மேல் யார் வரலாம் என்று தேடியதில்தான் பாட்டே கிடைத்தது. நீங்கள் கேட்பது குட்டிமான் செய்த இந்த வகையைப் பற்றி.

இது இன்டர்நெட் காலத்துப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1741-இல் வெளியிட்ட கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸில் முப்பதாவது வேரியேஷன் (மாற்று வடிவம்), ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாட்டுப்பாடல் மெட்டுகளை ஒரே பாஸ் வரியின்மேல், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வர வரியின்மேல், பின்னிய ஒன்று. அந்தப் பாஸ் வரி, முழுப் படைப்புக்கும் அடியில் ஓடுகிற அதே வரி. மேலே இருப்பவை எங்கிருந்தோ வந்தவை, கீழே இருப்பது அவருடையது. முந்நூறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான அந்த வேலைக்கும் இன்றைய மாஷ்அப்புக்கும் அடிப்படையில் வித்தியாசமே இல்லை.

பதிவு செய்த வாசிப்புகளை வைத்து இதைத் துணிந்து செய்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பா. ஒரு கச்சேரியில் வாசித்த கிட்டார் தனி வாசிப்பை ஒலிநாடாவிலிருந்து பிரித்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத ஸ்டுடியோ பதிவின்மேல் வைப்பார். 1979-இல் வந்த அவருடைய ஆல்பம் ஒன்றில் 'ரப்பர் ஷர்ட்' என்று ஒரு சின்ன உருப்படி இருக்கிறது, பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் மட்டும். பாஸ் வாசித்தவர் நான்கு எண்ணிக்கைத் தாளத்தில், நடுத்தர வேகத்தில் ஓடிய ஒரு பதிவுக்காக வாசித்தார். டிரம்ஸ், பதினோரு எண்ணிக்கையில் மெதுவாகப் போகும் வேறொரு பாட்டுக்காக வாசித்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இருவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு, காத்திருந்து, பதில் சொல்வதுபோலவே இருக்கும். அந்த உரையாடல் நடக்கவே இல்லை என்று ஜாப்பாவே ஆல்பத்தின் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அப்படியானால் அந்த உரையாடல் எங்கே நடந்தது? கேட்கிறவர் காதில். ஒரே நேரத்தில் ஒலிக்கும் இரண்டு ஓசைகளுக்கு நடுவே உறவு தேடாமல் நம் காதால் இருக்க முடியாது. டிரம்ஸ் ஓயும் இடத்தில் பாஸ் ஒரு ஸ்வரம் வாசித்தால், பதில் சொன்னதாகவே எடுத்துக்கொள்வோம். இந்தக் கலை முழுவதும் அந்தப் பழக்கத்தை நம்பித்தான் நிற்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். சுருதியிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இங்கேதான் பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறார்கள்.

இரண்டு பதிவுகளின் ஆதார சுருதியைக் கண்டுபிடித்து, ஒன்றை மற்றதோடு சேரும்படி ஏற்றி இறக்குவது முதல் படி. இன்றைய மென்பொருள்கள் இதை நொடியில் செய்யும். நாடா காலத்தில் வேகத்தை மாற்றினால் சுருதியும் கூடவே மாறும், தனித்தனியாக மாற்ற வழியில்லை. வேகத்தை ஏறக்குறைய 6 சதவீதம் கூட்டினால் சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டில் 1966-இல் செய்த ஒட்டு இதனால்தான் பேசப்படுகிறது. ஒரே பாட்டின் இரண்டு பதிவுகள், வெவ்வேறு சுருதி, வெவ்வேறு வேகம். முதல் பாதி ஒன்றிலிருந்தும் மீதி மற்றதிலிருந்தும் வேண்டும் என்று அந்தக் குழுவின் ஜான் லெனன் கேட்டார். தாழ்ந்த சுருதியில் இருந்த பதிவு வேகத்திலும் குறைந்ததாக இருந்தது அதிர்ஷ்டம். ஒன்றை விரைவாக்கி மற்றதை மெதுவாக்கியதும் சுருதியும் வேகமும் ஒருசேரக் கிட்ட வந்தன. பாட்டு தொடங்கி ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகிறது. டிஜே மேசையின் இசைத்தட்டுச் சுழற்றியிலும் இதே கட்டுப்பாடுதான். பேர்போன டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-இல் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ 8 சதவீதம் வரைதான் இடம். அதற்குள் பொருந்துகிற பாட்டைத் தேடிப் பிடிப்பதே அன்றைக்குத் திறமை.

வீட்டில் எடுத்த வீடியோக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கருவி துல்லியமாகச் சுருதி சேர்ந்திருக்காது. ஒன்று 440 ஹெர்ட்ஸிலும் மற்றது 443-இலும் ஒரே ஸ்வரத்தை நீட்டினால், நொடிக்கு மூன்று முறை ஒலி ஏறி இறங்கும் அலைவு கேட்கும். அதனால் அரை ஸ்வரத்தை நூறு பங்காக்கிய சென்ட் கணக்கில்தான் சரிசெய்ய வேண்டும். தனியாகப் பாடுகிறவர்களின் சுருதி பாட்டு போகப்போக நகரவும் செய்யும். முழுப் பாட்டுக்கும் ஒரே அளவு மாற்றம் கொடுத்தால் தொடக்கம் சேரும், முடிவு சேராது. வரி வரியாகத்தான் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் செய்தபின்தான் சுவையான பகுதி. ஒருவர் ஜி என்ற மேற்கத்திய ஸ்வரத்தை நீட்டிப் பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே பாஸ் சி-யில் நின்றால் அவர் பாடுவது பஞ்சமம். உறுதியாக, சொல்லி முடித்த வாக்கியம்போல் இருக்கும். பாஸை ஈ-ஃபிளாட்டுக்கு மாற்றுங்கள், அதே ஜி இப்போது அந்தர காந்தாரம், இனிமை வந்துவிடும். எஃப்-க்கு நகர்த்தினால் சதுசுருதி ரிஷபம், எங்கோ போகத் துடிக்கும். ஏ-வுக்குக் கொண்டுபோனால் கைசிகி நிஷாதம், ஓர் ஏக்கம் ஒட்டிக்கொள்ளும். பாடியவர் ஒன்றும் மாற்றவில்லை, பதிவில் ஓர் இழைகூட மாறவில்லை.

நம் இசை படித்தவர்களுக்கு இது கிரக பேதமாகத் தெரிந்த சங்கதி. மோகன ராகத்தின் ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ரிஷபத்தை ஷட்ஜமாக, அதாவது ஆதார ஸ்வரமாகக் கொண்டால் மத்யமாவதி ராகம். காந்தாரத்தைக் கொண்டால் ஹிந்தோளம். பஞ்சமத்தில் சுத்த சாவேரி, தைவதத்தில் சுத்த தன்யாசி. கச்சேரியில் ஒரு வித்வான் கிரக பேதம் காட்டும்போது தம்புரா பழைய ஷட்ஜத்திலேயே மீட்டிக்கொண்டிருக்கும், அதை மீறிக் காதைத் திருப்ப அவர் அதிகம் பாடுபட வேண்டும். மாஷ்அப்பில் நமக்கு அந்தப் பாடு இல்லை. தம்புராவையே மாற்றி வைத்துவிடலாம். மோகனத்தில் குழந்தைப்பாட்டுபோல் பாடிய ஒரு குரலின் அடியில், அதன் தைவதத்தில் நின்று நகரும் ஒரு செல்லோ பயிற்சி வீடியோவை வைத்துப் பாருங்கள். பாட்டின் முகமே மாறிவிடும். பாடகர் எண்ணாத சோகம் வரும். குரலில் நடுக்கம் ஏதாவது இருந்தால், முன்பு பயத்தின் நடுக்கமாகக் கேட்டது இப்போது துக்கத்தின் நடுக்கமாகக் கேட்கும்.

அதனால்தான் 'ஒரே சுருதியில் இருக்கும் இரண்டு பாட்டைத் தேடு' என்று வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரையோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஸ்வரக் கூட்டத்தில், வேறு ஷட்ஜத்தில் நிற்கும் இரண்டைத் தேடுங்கள். அங்கேதான் இரண்டிலும் இல்லாத மூன்றாவது ஒன்று கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். ஸ்வரக் கூட்டம் ஒன்றாக இருப்பதும் இசை பொருந்துவதும் வேறு வேறு. கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) நிறைந்த பாட்டின் கீழே பியானோ கார்டை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை) அப்படியே வைத்தால் பெரும்பாலும் அடிபடும். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பது. கீழே உள்ள கார்டில் அதே காந்தாரம் அசையாமல் நின்றால் இரண்டும் உரசும். சிலர் உடனே பாடகரின் குரலைச் சுருதி திருத்தும் மென்பொருளில் போட்டு அசைவை நேராக்கி விடுகிறார்கள். அது அந்தப் பாட்டைக் கொல்வதற்குச் சமம். சரியான வழி, கீழே உள்ளதை இளக்குவது. கார்டில் மூன்றாவது ஸ்வரத்தை எடுத்துவிட்டு ஷட்ஜம் பஞ்சமம் மட்டும் வையுங்கள், இல்லை ஒற்றைப் பாஸ் ஸ்வரத்தோடு நிறுத்துங்கள். அசைகிற குரலுக்கு இடம் கிடைக்கும்.

2009-இல் டேரன் சாலமன் செய்த 'இன் பி ஃபிளாட்' என்ற இணையப் படைப்பு இதை வேறு முனையிலிருந்து காட்டுகிறது. பலர் தனித்தனியாக எடுத்து அனுப்பிய வீடியோக்கள், எல்லாம் பி-ஃபிளாட்டில். ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும். எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஓடவிடலாம், எப்படிச் சேர்த்தாலும் இசையாகவே இருக்கும். காரணம் சுலபம்: ஆதாரம் ஒன்றே, கறாரான தாளம் கிடையாது, எல்லோரும் நிறைய மௌனம் விட்டு வாசித்தார்கள். பிழையே வராத ஏற்பாடு அது. அந்த அமைதிக்குக் கொடுத்த விலை, பாட்டு எங்கேயும் பயணம் போகாது. பயணம் வேண்டும் என்றால் பிழைக்கு வாய்ப்பு உள்ள இடத்துக்குத்தான் வர வேண்டும்.

அப்புறம் தாளம். வேகத்தை எண்ணால் பொருத்துவது எளிது. நிமிடத்துக்கு 70 அடி போவதும் 140 அடி போவதும் சேரும், ஒன்று மற்றதன் இரட்டிப்பு. மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் போகும் ஒன்றை, நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரத்தின்மேல் வைத்தால் பன்னிரண்டு மாத்திரைக்கு ஒருமுறை சந்திக்கும், அந்தச் சந்திப்பை வரியின் முடிவில் விழ வைத்தால் அருமையாக இருக்கும். மனிதர்கள் வாசித்தது மெட்ரோனோம்போல் சீராக இருக்காது என்பதால், ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்களில் இடையிடையே குறி வைத்து நீட்டிச் சுருக்கிச் சீரான தாளக் கட்டத்துக்குள் அடக்குவார்கள். ஒவ்வொரு அடியையும் அடக்காதீர்கள். ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, ஒரு குறி போதும். டிரம்ஸ் வாசிப்பவர் இரண்டாவது அடியைக் கொஞ்சம் பின்தள்ளி வாசிப்பது அவருடைய கைமணம். அதைக் கட்டத்துக்குள் நேராக்கினால், பிறகு அவருடைய வீடியோ உங்களுக்கு எதற்கு? யாராவது ஒருவரைத் தலைமையாக வைத்து, மற்றவர்களை அவருடைய சாய்வுக்கு ஏற்பச் சாய்க்க வேண்டும். எல்லோரையும் கணினியின் கட்டத்துக்கு நேராக்கினால் உயிர் போய்விடும்.

தாளத்தில் இதைவிட முக்கியமானது எடுப்பு, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம். புதிதாகச் செய்பவர்கள் பாடகரின் முதல் எழுத்தைக் கொண்டுபோய் டிரம்ஸின் முதல் அடியில் வைப்பார்கள். பாடியவர் மனதில் அந்த எழுத்து அங்கே இருந்ததா? பெரும்பாலும் இல்லை. தாளத்துக்குக் கொஞ்சம் முன்பே எடுத்திருப்பார், இல்லை சமம் (தாளச் சுற்றின் முதல் அடி) தாண்டி அரை இடம் தள்ளி எடுத்திருப்பார். பக்கவாத்தியம் இல்லாமல் பாடியிருந்தாலும் உள்ளே ஒரு தாளம் ஓடியிருக்கும். சொற்களில் எங்கே அழுத்தம் விழுகிறது, எங்கே மூச்சு எடுக்கிறார், நீட்டிய ஸ்வரம் எங்கே வந்து அமர்கிறது என்று பார்த்தால் அவருடைய சமம் தெரியும். அதைக் கண்டுபிடித்து முதலில் அப்படியே வைத்துப் பாருங்கள். அப்புறம் வேண்டுமென்றே அரை எண்ணிக்கை நகர்த்திப் பாருங்கள். சில குரல்கள் அவற்றின் சொந்த இடத்தில் சாதாரணமாகவும், நகர்ந்த இடத்தில் பிரமாதமாகவும் இருக்கும். கீழே உள்ள பாஸ் ஸ்வரத்துக்குப் பொருளைக் கொடுப்பதுபோல, கீழே உள்ள சமம் சொல்லுக்கு அழுத்தத்தைக் கொடுக்கிறது. நான் ஒரு மாஷ்அப்பில் அதிக நேரம் செலவிடுவது இந்த நகர்த்தலில்தான்.

ஒலிக்கலவை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பாஸ் ஒரே பாட்டில் இருக்கக் கூடாது. அடித்தளமாக எதைத் தேர்ந்தீர்களோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி எடுத்துவிடுங்கள், கலவை பாதி தெளிந்துவிடும். ஒரு வீடியோ குளியலறையில் எடுத்ததுபோல் எதிரொலிக்கும், மற்றொன்று வாயருகே மைக் வைத்ததுபோல் வறட்சியாக இருக்கும். எதிரொலியை நீக்குவது கடினம். ஆகவே வறட்சியாக இருப்பவற்றுக்கு மெல்லிய எதிரொலி சேர்த்து எல்லோரையும் ஒரே கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும். கேமராவின் இரைச்சலைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. இரைச்சல் இருப்பது காதுக்குப் பழகிவிடும், துண்டு முடியும்போது அது சட்டென்று நிற்பதுதான் ஒட்டைக் காட்டிக் கொடுக்கும். துண்டின் இரு முனையையும் மெல்ல மங்கச் செய்தால் போதும்.

பழைய பாடல்களிலிருந்து குரலை மட்டும் எடுக்க முடியுமா என்று இதைத் தொடர்ந்து எல்லோரும் கேட்பார்கள். முன்பு குரல் மட்டும் தனியாக வெளிவந்த இசைத்தட்டுகள்தான் வழி. அப்படி இல்லாவிட்டால், ஒரே பாட்டின் கருவியிசை வடிவம் கிடைத்தால் அதன் அலையைத் தலைகீழாக்கி முழுப் பாட்டோடு சேர்ப்பார்கள். பொதுவானது ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, குரல் மிஞ்சும். இரண்டும் துல்லியமாக ஒத்திருந்தால் மட்டுமே இது நடக்கும். 2019-இல் டீசர் என்ற இணைய இசைச் சேவை நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற பிரிப்பு மென்பொருளை யாரும் பயன்படுத்தும்படி திறந்து வெளியிட்டபின் நிலைமை மாறிவிட்டது. குரல், டிரம்ஸ், பாஸ், மற்றவை என்று எந்தப் பாட்டையும் பிரிக்கலாம். அதற்குப் பிறகு வந்தவை இன்னும் சுத்தமாகப் பிரிக்கின்றன. லெனன் 1970-களின் பிற்பகுதியில் கேசட்டில் பியானோவோடு பாடிவைத்த குரலை இப்படி இயந்திரக் கற்றலால் பிரித்துத்தான் 2023-இல் 'நவ் அண்ட் தென்' வெளிவந்தது. 1990-களில் அதே கேசட்டை வைத்து முயன்று கைவிட்டிருந்தார்கள்.

இந்த வசதி நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு இருக்கிறது: எதையும் எதோடும் சேர்க்க முடிவதால், சேர்ப்பதே சாதனை என்று தோன்றிவிடுகிறது. 2001-இல் ஃப்ரீலான்ஸ் ஹெல்ரைசர் என்பவர் கிறிஸ்டினா அகிலேராவின் குரலை தி ஸ்ட்ரோக்ஸ் குழுவின் கிட்டார்களின்மேல் வைத்தபோது, அந்தச் சேர்க்கையே ஆச்சரியமாக இருந்தது. பளபளப்பான பாப் குரலும் கரடுமுரடான ராக் கிட்டாரும் ஒன்றுக்கொன்று இவ்வளவு இசைவாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இன்று அதே மாதிரி ஆயிரம் செய்யலாம், பெரும்பாலானவற்றை ஒருமுறை கேட்டுச் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். இரண்டு பிரபலமான பாட்டின் அடையாளத்தை மோதவிடுவதில் வரும் ஆச்சரியம் ஒரு தடவைக்குத்தான். அடையாளம் தெரியாத ஒருவர் கேட்டாலும் பாட்டாக நிற்கிறதா என்பதை வைத்துத்தான் நான் ஒரு மாஷ்அப்பை மதிப்பிடுவேன்.

டேஞ்சர் மௌஸ் 2004-இல் செய்த 'தி கிரே ஆல்பம்' அந்தச் சோதனையில் தேறுகிறது. ராப் பாடகர் ஜே-ஸியின் 2003 ஆல்பத்தின் குரலை, பீட்டில்ஸின் 1968 வெள்ளை ஆல்பத்திலிருந்து எடுத்த ஒலிகளின்மேல் வைத்தார். பீட்டில்ஸ் பாட்டை அப்படியே ஓடவிட்டு மேலே ராப்பைப் போடவில்லை. டிரம்ஸின் ஒவ்வொரு அடியையும் தனியாகப் பெயர்த்து எடுத்து, கிட்டார் துணுக்குகளை வெட்டி, புதிதாக ஒரு தாளக்கட்டை அடியிலிருந்து கட்டினார். பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமையாளரான இஎம்ஐ நிறுவனம் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் விட, அதை எதிர்த்து 2004 பிப்ரவரி 24 அன்று 170 இணையதளங்கள்போல அந்த ஆல்பத்தை ஒரே நாளில் இலவசமாக வைத்தன.

உரிமை விஷயத்தில் நேராகப் பேசிவிடுகிறேன். ஒரு பதிவில் மெட்டும் வரியும் எழுதியவரின் உரிமை ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று, பல நாடுகளில் பாடியவர் வாசித்தவரின் உரிமை மூன்றாவது. மாஷ்அப் மூன்றையும் தொடும். சில நொடிகள்தானே என்பது பாதுகாப்பு இல்லை. 2005-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஒலிப்பதிவிலிருந்து எவ்வளவு சிறிய துண்டை எடுத்தாலும் அனுமதி வேண்டும் என்றது. 2016-இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல், காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றிய துண்டுக்கு அனுமதி வேண்டாம் என்று சொன்னது. கனடா 2012 முதல், வணிக நோக்கமில்லாத இத்தகைய படைப்புகளுக்குச் சில நிபந்தனைகளோடு சட்டத்திலேயே விலக்கு கொடுத்திருக்கிறது. பெரிய நிறுவனங்களின் பாடல்களைத் தொட்டால், சட்டம் என்ன சொன்னாலும், தானாகக் கண்டுபிடிக்கும் இயந்திரம் உங்கள் வீடியோவை முதலில் பிடித்துவிடும்.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அந்த மனிதர்கள். பிரின்சஸ் ஷா என்ற பெயரில் நியூ ஆர்லியன்ஸில் வாழ்ந்த ஒரு பாடகி, முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்துகொண்டு, தான் எழுதிய பாட்டைக் கருவி எதுவும் இல்லாமல் பாடி யூடியூபில் ஏற்றியிருந்தார். மிகச் சிலரே பார்த்தார்கள். 2014-இல் குட்டிமான் அந்தக் குரலின் கீழே, வேறு வேறு நாட்டுக்காரர்களின் வாசிப்பை வைத்துப் 'கிவ் இட் அப்' என்ற பாட்டைக் கட்டினார். வெளியானபின்தான் அந்தப் பாடகிக்கே தெரிந்தது. அதைப் பற்றிய ஆவணப்படம் 2015-இல் வந்தது. அந்தப் பாட்டைக் கேளுங்கள். அந்தக் குரலில் முன்பே இருந்த பிடிவாதமும் வலியும் கீழே வந்த இசையால் வெளியே தெரிகின்றன. அவருடைய பெயர் பாட்டோடு சேர்ந்தே வந்தது, புகழும் அவரைப் போய்ச் சேர்ந்தது. இது எப்போதும் இப்படி நல்லபடியாக முடியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தன் அறையில் தனக்காகப் பாடியதை உலகம் கேட்க வேண்டாம் என்று நினைப்பவரும் இருப்பார். அதனால் தனிமனிதர்களின் வீடியோவை எடுத்தால் ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். முடித்ததை அவரிடம்தான் முதலில் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு கேட்ட குரலில் கேட்ட பாட்டைப் பாடித் தரும்போது இந்தச் சிரமம் எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். இங்கே நாம் எடுப்பது நடந்த ஒரு வாசிப்பை. அந்த மூச்சு, அந்தத் தயக்கம், விரல் கம்பியில் வழுக்கிய சத்தம் எல்லாம் ஒருவர் ஒரு பொழுதில் செய்தவை, நமக்காகச் செய்யப்பட்டவை இல்லை. நம் விருப்பத்துக்கு வளையாத பொருளோடு வேலை செய்யும்போது, பாட்டு நாம் திட்டமிடாத திசைக்குப் போகும். டிரம்பெட் சிறுவன் மூன்றாவது ஸ்வரத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வாசித்துவிட்டான் என்றால், அது தாழ்ந்ததாகத் தோன்றாத ஒரு பாஸ் ஸ்வரத்தை நீங்கள் தேடிப் போக வேண்டும். அந்தத் தேடலில் கிடைக்கும் கார்டு, சும்மா உட்கார்ந்து யோசித்தால் எனக்குத் தோன்றியே இருக்காது.

தொடங்க விரும்பினால் மூன்று பதிவுகள் போதும். தனியாகப் பாடிய ஒரு குரல், நீண்ட ஸ்வரங்கள் வாசிக்கும் ஒரு தாழ்ந்த கருவி, ஏதாவது ஒரு தாளம். பாட வீடியோக்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஆசிரியர் ஒரே சொற்றொடரை மெதுவாக, தனியாக, பிசிறில்லாமல் திரும்பத் திரும்ப வாசிப்பார். முதலில் தாளத்தை விட்டுவிட்டுக் குரலையும் தாழ்ந்த கருவியையும் மட்டும் சேருங்கள். குரலைத் தொடாமல், கீழே உள்ளதை அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகப் பன்னிரண்டு இடத்துக்கும் நகர்த்தி ஒவ்வொன்றையும் முழுதாகக் கேளுங்கள். பல இடங்களில் உரசும், சில இடங்களில் வெறுமனே பொருந்தும். ஓரிரு இடங்களில் அந்தக் குரல் வேறு ஏதோ சொல்லத் தொடங்கும். தாளத்தை அதற்குப் பிறகு கொண்டுவாருங்கள்.